தேருக்கு முன்னால் வந்துவிடுங்கள்

திருவிழாவுக்குப் போய்வந்ததாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் தேரை மட்டும் பார்த்தவர்கள். செப்டம்பர் 7 மாலை தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் கிளம்புவார்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் தெருவுக்குள் நுழைய முடியாமல் நிற்பார்கள். யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பின்னந்தலைக்கு அப்பால் சீரியல் பல்பு வெளிச்சம் நகர்வது தெரியும். ஒரு மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பஸ்ஸுக்கு அலைமோதி வீடு வந்து சேர்வார்கள். அவர்கள் பார்த்தது கூட்டத்தை. இந்தத் திருவிழாவோ ஆகஸ்ட் 29 தொடங்கிப் பதினொரு நாள் நடக்கிற சமாச்சாரம்.

ரசிக்க வேண்டிய முதல் இடம் கொடிமரம். மாதா படம் போட்ட கொடியை மந்திரித்து, பவனியாக எடுத்து வந்து ஏற்றுவார்கள். கொடி மேலே போகிறபோது தலைக்கு மேல் பார்க்காதீர்கள். கீழே கயிற்றைப் பாருங்கள். கயிற்றைத் தொட்டால் போதும் என்று நீளுகிற கைகளில் சிலுவை போட்ட சங்கிலிக் கழுத்துக்காரர்களும் இருப்பார்கள், நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருப்பார்கள். கொடியேற்றம், நாள்தோறும் வழிபாடு, தேர், கொடியிறக்கம் என்ற இந்த வரிசை மயிலாப்பூர் பங்குனி உற்சவத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் புதிதே அல்ல. இடையில் வரும் நவநாள் ஒவ்வொன்றுக்கும் தனி ஜெபக்கருத்து உண்டு. ஒருநாள் நோயாளிகளுக்கு, ஒருநாள் இளைஞர்களுக்கு என்று போகும். நோட்டீஸில் எல்லாம் அச்சாகியிருக்கும். அதை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாள் யாருடைய உபயம் என்பதைப் படித்தாலே பங்கின் பாதி சரித்திரம் தெரிந்துவிடும்.

கொடிமரம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மனியின் பிராங்கோனியா பகுதிக் கிராமங்களில் ஊர்க் கோயில் அர்ச்சிப்புத் திருநாளுக்கு உயரமான மரம் ஒன்றைக் காட்டிலிருந்து வெட்டி வந்து, அடியில் பட்டையைச் சீவி, உச்சியில் கிளைகளை விட்டு, வாலிபர்கள் கழிகளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்துவார்கள். மரத்தடியில் ஆட்டம், பக்கத்தில் ராட்டினம், பீர், இஞ்சி மணக்கும் இனிப்பு ரொட்டி. கோயிலை அர்ச்சித்த நாளின் நினைவாகப் பிறந்த விழா, இன்று பாதிக்கு மேல் சந்தைதான்.

இது பலருக்கு உறுத்தியிருக்கிறது. 1520இல் ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் மார்ட்டின் லூதர், இந்த அர்ச்சிப்புத் திருநாட்களை அடியோடு நிறுத்த வேண்டும் என்றார். அவை சாராயக் கடையும் சந்தையும் சூதாட்டமுமாகிவிட்டன என்பது அவர் குறை. மற்ற எத்தனையோ விஷயங்களில் அவர் பேச்சைக் கேட்ட ஊர்கள் இதில் மட்டும் கேட்கவில்லை. லூதரின் வழியைப் பின்பற்றும் துரிங்கியா கிராமங்களில் இன்றும் இந்த விழா நடக்கிறது. நம்மூரில்? சிலையும் தேரும் இல்லாத சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகைக்குப் போய்ப் பாருங்கள். பீடத்தின் முன் வாழைத்தார், பூசணி, முட்டை, சில சமயம் கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒரு பூசணிக்காய் கடை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்ப ஏலத்துக்குக் கொடுத்துவிடுவார். பக்தியையும் கடைத்தெருவையும் பிரித்துப் பார்க்க நினைப்பவர்கள் திருவிழாவைப் பாதியாகத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆகவே கடைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். வளையலும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் எங்கும் கிடைக்கும். நேர்ச்சைப் பொருள் விற்கும் கடையில் நில்லுங்கள். மெழுகுவர்த்திக் கட்டுகளுக்குப் பக்கத்தில், மெல்லிய தகட்டில் அச்சடித்த உருவங்கள் தட்டில் குவிந்திருக்கும். ஒரு ஜோடிக் கண், ஒரு கால், ஒரு கை, ஒரு வீடு, ஒரு தொட்டில். வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதில்லை, பெயர் சொல்லியும் கேட்பதில்லை. விரலால் தட்டைக் கிளறி, தங்களுக்கு வேண்டியதை எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு நகர்வார்கள். யார் எதை எடுக்கிறார்கள் என்று உற்றுப் பார்க்காதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.

தேர் பவனிக்கு நின்றேதான் ஆக வேண்டும் என்றால், கோயில் வாசலை விட்டு இரண்டு தெரு தள்ளி, திருப்பம் ஒன்றில் நில்லுங்கள். முதலில் பேண்டு செட் வரும். அடுத்து ஜெபமாலை சொல்லும் வரிசை. அதற்கும் தேருக்கும் இடையில் வருகிற ஒருவரைத் தவறவிடக் கூடாது. நுனியில் கவட்டை வைத்த நீண்ட கம்போடு வந்து, குறுக்கே தொங்கும் கேபிள் வயர்களைத் தூக்கிப் பிடித்துத் தேருக்கு வழிவிடுவார். கவட்டையில் வயரை ஏந்தி, தேர் உச்சி தாண்டும்வரை அண்ணாந்தபடியே பின்னோக்கி நடப்பார். எல்லாரும் மாதாவைப் பார்க்க, அவர் மட்டும் வயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். அதன் இரைச்சலை மீறி ‘மரியே வாழ்க’ கேட்டால் கூட்டம் நல்ல கூட்டம்.

இரைச்சல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பரங்கிமலை. அங்கே மாதாவின் திருநாள் டிசம்பர் 18. மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாதா, அதாவது நிறைமாத மாதா. கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம். இந்தத் தேதியை 656இல் ஸ்பெயின் நாட்டின் தொலேதோவில் கூடிய ஆயர் சங்கம் குறித்தது. போர்ச்சுகீசியர் அதைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்தார்கள். உச்சிவரை வண்டி போகும் ரோடு உண்டு. அதில் போகாதீர்கள். வடக்கு அடிவாரத்து வளைவுகள் வழியாகப் படியேறுங்கள். படிகளைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டியவரும் அவரே. வழியில் சிலுவைப்பாதை நிலைகள் வரும். மூச்சு வாங்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மேலே பீடத்தில் இருக்கும் கற்சிலுவையைக் கிட்டே போய்ப் பாருங்கள். 1547இல் கோயில் வேலைக்குத் தோண்டியபோது கிடைத்தது. மேலே புறா, சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து. டிசம்பர் 18 திருப்பலி ஒன்றின்போது இதிலிருந்து இரத்தம் கசிந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. வெளியே வந்தால் மீனம்பாக்கம் ஓடுதளம் கீழே விரிந்து கிடக்கும். பிள்ளைகள் திருப்பலியை விட்டுவிட்டு விமானத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முதல்முறை போகிறவர்கள் கொடியேற்றத்தன்றோ இடையில் ஒரு சாதாரண நவநாளிலோ போங்கள்; பெசன்ட் நகரில் சாயங்காலத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள். பரங்கிமலைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் போதும், சொந்த வண்டி வேண்டாம். கையில் சில்லறை இருக்கட்டும். க்யூஆர் அட்டை இல்லாத கடையே இல்லைதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் நெட்வொர்க் கிடைக்காது.