ஒப்பாரி ஏறிய மேடை

நவீன நாடகம் என்றதும் புரியாத வசனமும் இருண்ட மேடையுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அதற்கு நாடகக்காரர்களும் ஓரளவு காரணர்களே. ஆயினும் பேராசிரியர் சே. இராமானுஜம் (1935–2016) அவர்களை அந்தக் கணக்கில் சேர்த்தல் தகாது.

நாங்குநேரியில் பிறந்து காந்திகிராமத்தில் ஆசிரியப் பணி புரிந்த இவர், இப்ராஹீம் அல்காஸி தலைமையில் இயங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய அதே 1977இல், காந்திகிராமத்து நாடகப் பயிற்சி முகாமில் முன்னின்றவர். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார்.

அவருடைய 'வெறியாட்டம்', கி.மு. 415இல் யூரிபிடீஸ் படைத்த 'திராய் நகரப் பெண்கள்' நாடகத்தின் தழுவல். போரில் ஆடவரை இழந்து, அடிமைகளாகப் பங்கிடப்படக் காத்திருக்கும் பெண்களின் கதை. இராமானுஜம் அப்பெண்களின் வாயில் ஒப்பாரியை வைத்தார். வெறும் உள்ளூர்ச் சாயம் பூசும் வேலை அன்று இது. வத்திராயிருப்புப் பகுதியில் இழவு வீட்டு முற்றத்தில் கட்டியழும் பெண்களைக் கேட்டவர்கள் அறிவார்கள்: அங்கே அழுகை பாதி, ஏசல் பாதி. செத்தவனைப் புகழும் அதே மூச்சில், பங்கு கொடாத கொழுந்தனையும் எட்டிப் பாராத அண்ணனையும் சபையறியச் சாடுவாள். மற்ற நாளில் பேச இயலாததை அன்று பேசுவாள். தோற்ற நகரத்துப் பெண்கள் வென்றவனைக் கேள்வி கேட்பதற்கு இதனினும் பொருந்திய வடிவம் தமிழில் ஏது? அவரைப் பின்பற்றுகிறோம் என்று பறையையும் ஒப்பாரியையும் மேடையேற்றுவோர் சிலர், அழுகையை எடுத்துக்கொண்டு ஏசலை விட்டுவிடுகின்றனர். அது அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

இன்னொரு பணியும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவை பரம்பரையாக வந்து நம் கண்முன் நிற்பது. திருக்குறுங்குடிக் கைசிக நாடகமோ நலிந்து போயிருந்தது. பாணர் குலத்து நம்பாடுவான், தன்னைத் தின்ன வந்த பிரம்மராட்சதனிடம் கொடுத்த வாக்கின்படி திரும்பிச் செல்லும் கதை அது. நடனக் கலைஞர் அனிதா ரத்னத்துடன் இணைந்து 1999இல் அதை மீட்டவர் இராமானுஜம். சோதனை நாடகக்காரர் கோயில் நாடகத்துக்குப் போனதைப் பின்வாங்கலாகக் கருதுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே: பாட்டறிந்தவர்களிடம் காது கொடுத்தார்.

எழுத்தாளனுக்கு அச்சு இருக்கிறது. இயக்குநனுக்கு நடித்தவர் உடம்பும் பார்த்தவர் நினைவுமே ஏடு. நம் பக்கத்துக் கல்லூரி மாணவர் 'வெறியாட்ட'த்தை ஆட முன்வந்தால், முதலில் ஒப்பாரி அறிந்த மூதாட்டிகளிடம் போய் உட்காரட்டும்; பிரதியைப் பிறகு பிரிக்கலாம்.