கையும் கட்டணப் பலகையும்

நாகர்கோவிலோ கோயம்புத்தூரோ, தமிழ்நாட்டின் நடுத்தர நகரம் ஒன்றில் ஆயுர்வேத கிளினிக்கிற்குள் நுழைந்தால் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு கட்டணப் பலகையைப் பார்க்கலாம். அபியங்கம், பொடிக்கிழி, இலைக்கிழி, ஞவரக்கிழி, பிழிச்சில், சிரோதாரா, கடி வஸ்தி என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, கீழே 7 நாள், 14 நாள், 21 நாள் பேக்கேஜ். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல எனக்கு எது நல்லதுங்க?” என்று கேட்கிறார். பல இடங்களில் பதில் சொல்வது மேசையில் இருக்கும் பெண். “கிழி எடுங்க சார், இடுப்பு வலிக்கு எல்லாரும் அதுதான் எடுக்கிறாங்க.”

மசாஜ் சிகிச்சை பலன் தருமா, தராதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்த மேசையைக் கவனிப்பதில்லை. கையால் தேய்த்து, அழுத்தி, ஒத்தடம் கொடுப்பதில் பலன் உண்டு. அதற்கு ஓர் எல்லையும் உண்டு. யாருக்கு எது, எத்தனை நாள், யாருக்குக் கூடவே கூடாது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் இந்தத் தொழில் அடிக்கடி சறுக்குகிறது.

மரபு இதில் இத்தனை அலட்சியமாக இருந்ததில்லை. சித்த மருத்துவம் தொக்கணம் எனும் தன் மசாஜ் முறையை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். கை செய்யக்கூடிய அசைவுகளைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயன் சொன்ன பட்டியல் இது. 19ஆம் நூற்றாண்டில் டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கரின் வழியில் ஐரோப்பா தடவல், பிசைதல், தட்டல் என்று வகுத்ததும், இன்று ‘ஸ்வீடிஷ் மசாஜ்’ என்ற பெயரில் விற்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். கேரள மரபிலும் தேர்வுக்கு விதி உண்டு. நொச்சி, ஆமணக்கு, எருக்கு, முருங்கை இலைகளை நறுக்கித் தேங்காய்த் துருவல், எலுமிச்சையோடு வதக்கிக் கட்டும் இலைக்கிழி, பிடிப்பும் வலியும் உள்ளவருக்கு. ஞவர அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துக் கட்டும் ஞவரக்கிழி, தசை மெலிந்து பலம் குறைந்தவருக்கு. இரண்டும் துணிமுடிச்சுதான், நோக்கம் வேறு. கேரள வைத்தியர்கள் பெரிதும் கொண்டாடும் அஷ்டாங்க ஹிருதயம், கபம் மிகுந்தவருக்கும் அஜீரணம் உள்ளவருக்கும் எண்ணெய் தேய்ப்பதையே விலக்குகிறது. ‘இவருக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த அந்த மரபின் பெயரில் விற்கும் பலகையில் அந்த ஒரு வரியைத் தேடினாலும் கிடைக்காது.

நவீன ஆய்வுகளின் தீர்ப்பு இந்தத் தொழிலுக்கு முற்றிலும் பாதகமானதல்ல. இடுப்பு வலிக்கு மசாஜ் தருவதைப் பற்றி 25 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, சிகிச்சை எதுவும் பெறாதவர்களைவிட மசாஜ் பெற்றவர்களுக்குக் குறுகிய காலத்தில் வலி குறைந்ததாகச் சொல்கிறது. மாதங்கள் கடந்தபின் அந்த மேன்மை நிலைக்கவில்லை. ஆய்வுகளின் தரமும் குறைவு என்று அதே மதிப்பீடு எச்சரிக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மசாஜுக்கு இடம் இருக்கிறது. ஆனால் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், மனநல ஆலோசனை ஆகியவற்றோடு அது ஒரு பகுதியாக நிற்கிறது. பேக்கேஜ் விற்கிறவர்கள் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

விட்டதற்குப் பதிலாகச் சேர்த்துக்கொண்ட கதைகள் ஏராளம். தேய்த்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரைந்து வெளியேறும் என்பது உடற்பயிற்சிக் கூடம் வரை பரவிவிட்ட நம்பிக்கை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை உடற்பயிற்சி செய்யவைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் கொடுத்து, இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமில அளவில் வித்தியாசம் இல்லை. மசாஜால் உடலில் ஏதோ நடக்கிறது. விளம்பரம் சொல்லுவது அதை அல்ல. ‘நச்சு வெளியேறும்’, ‘எண்ணெய் எலும்பு வரை இறங்கும்’ என்பவையும் இந்த ரகம்தான். நச்சை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எண்ணெய் உள்ளே போகாமல் தடுப்பது தோலின் மேலடுக்கின் வேலை.

கடி வஸ்தியை அருகில் நின்று பார்த்தால் பலன் எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு புரியும். நோயாளி குப்புறப் படுக்கிறார். உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பில் வளையமாக வரம்பு கட்டுகிறார் தெரபிஸ்ட். எண்ணெய் கசியாமலிருக்க உள்விளிம்பை விரலால் அழுத்தி வழிக்கிறார். பொறுக்கும் சூட்டில் எண்ணெயை ஊற்றி, ஆற ஆறப் பஞ்சால் ஒற்றியெடுத்து, சூடானதை மறுபடி விடுகிறார். அரை மணி நேரம் நோயாளி அசைவதில்லை, போன் இல்லை, பேச்சு இல்லை. ஒரே இடத்தில் நிலையான வெப்பம், அரை மணி ஓய்வு, தன் வலியை இன்னொருவர் பொறுப்பாகக் கவனிக்கிறார் என்ற ஆறுதல். இறுகிய தசை இளக இவை போதும். இந்த நிம்மதியைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மூன்று நிமிடத்தில் மாத்திரைச் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவமனையில் இது கிடைப்பதில்லை. ஆனால் முதுகெலும்பில் நழுவிய தட்டு இதனால் உள்ளே போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

இன்னொரு விஷயமும் கணக்கில் வர வேண்டும். திடீரென்று வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்ற நம்பிக்கை சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அவர் நீவினாலும் போகும், 14 நாள் பேக்கேஜ் எடுத்தாலும் போகும். கடைசியாகத் தொட்டவருக்குப் பெயர் கிடைக்கிறது.

பலனை மிகைப்படுத்துவதாவது பணத்தோடு போகும். ஆபத்தை மறைப்பது அப்படியல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 14.4 சதவீதம். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் கிழியின் சூடு உறைக்காது. கொப்புளம் வந்தபிறகே தெரியும். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருப்பதை வெறும் வீக்கம் என்று நினைத்து அழுத்தித் தேய்த்தால் உறைகட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும். எலும்பு மெலிந்த மூதாட்டியின் விலா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரின் தசை, இவற்றுக்கெல்லாம் அழுத்தத்தின் அளவு வேறு. சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது அரிதாகக் கழுத்து ரத்தக் குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

எதிர்த் தெருவில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்கும் குறையற்றதல்ல. அங்கே பலகையின் இடத்தில் இயந்திரம். ‘கரண்ட் வைக்கிறது’ என்று மக்கள் சொல்லும் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துக் கட்டும் ட்ராக்‌ஷன், போகும்போது ஒரு பெல்ட். நாள்பட்ட இடுப்பு வலிக்கு ட்ராக்‌ஷனும் பெல்ட்டும் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நல்ல பிசியோதெரபிஸ்ட் இயந்திரத்தைவிட நோயாளியைக் குனிய, நிமிர, நடக்கவைத்துப் பார்ப்பதற்கும் பயிற்சி சொல்லித்தருவதற்கும் அதிக நேரம் செலவிடுவார்.

எல்லாப் பழியையும் தெரபிஸ்ட் தலையில் போடுவதும் நியாயமில்லை. பிசியோதெரபிஸ்டை துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் அங்கீகரிக்கிறது; சித்த, ஆயுர்வேத மருத்துவருக்குப் பட்டமும் பதிவு எண்ணும் உண்டு. நாள் முழுவதும் உடலைத் தொடுகிற தெரபிஸ்டின் நிலை வேறு. முறையாகப் படித்தவரும், ஓரிரு மாதம் பார்த்துக் கற்றவரும் ஒரே சீருடையில் நிற்கிறார்கள். நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. கட்டைவிரலும் மணிக்கட்டும் தேய்கிற வேலை என்பதால் அனுபவம் சேர்ந்த வயதில் பலர் தொழிலை விட்டே போகிறார்கள்.

தேர்வு சரியாக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மமும் தொக்கணமும் சிறப்பு மருத்துவத் துறையின் கீழ் வருகின்றன. மருத்துவர் பார்த்த பிறகே மசாஜ் மேசை. சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் உள்ள அரசு சித்த மருத்துவமனைகளிலும் அதுவே முறை. காத்திருக்க வேண்டும், சொகுசு கிடையாது. ஆனால் 21 நாள் எடுக்கவைத்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நெருக்கடி அங்கே எவருக்கும் இல்லை.

தனியார் கிளினிக்கிற்குப் போகிறவர் சிலவற்றை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பரிசோதிக்கும் மருத்துவர் யார், அவர் பதிவு எண் என்ன, எந்தத் தைலம், ஏன் அது, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி எது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் பற்றி அவர்கள் கேட்காவிட்டால் தானாகவே சொல்லிவிட வேண்டும். முழுப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாமல் மூன்று நான்கு அமர்வுகள் பார்த்து, மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடலாம். இடுப்பு வலியோடு கூடவே சிறுநீர் கழிக்க முடியாமை, தொடையிடுக்கில் மரப்பு, பாதம் தூக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மசாஜ் மேசை பக்கமே போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“முதல்ல டாக்டரைப் பார்க்கணும்” என்று மேசையில் சொல்லிப் பாருங்கள். “அதெல்லாம் தேவையில்ல சார், நேரா உள்ள போயிடலாம்” என்று பதில் வந்தால், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேறு கிளினிக் பாருங்கள்.