முதற்படமும் வழிப்படமும்

சித்திரை முழுமதி நாளில் மங்கலதேவிக் கண்ணகி கோட்டத்திற்குத் தமிழகத்துப் பக்கமிருந்து நடந்து ஏறுவோர், லோயர் கேம்ப்பைக் கடந்து பளியன்குடியை அடைந்து மலைவழியைப் பற்றுவர். சேரன் செங்குட்டுவன் பத்தினிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963ஆம் ஆண்டில் கண்டு கூறினார். கொடுங்கல்லூரே அவ்விடம் என்பாரும் உளர். அவ்வழக்கினுள் ஈண்டு யான் புகவில்லை. அண்மையில் ஒரு சித்திரைத் திருநாளன்று விடியற்பொழுதில், பெரியாற்று நீர்மின் நிலையத்தை அடுத்த சாலையோரத் தேநீர்க்கடையில் பளியன்குடி செல்லும் ஊர்தியை எதிர்நோக்கி அமர்ந்திருந்தேன். கடையின் தொலைக்காட்சியில் ‘2.0’ என்னும் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அதனைக் கண்டு அங்கிருந்தோர் மூவர் தொடுத்த சொற்போரே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இயக்குநர் சங்கரின் ‘எந்திரன்’ 2010ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளிலும், அதன் தொடர்ச்சியாகிய ‘2.0’ 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாளிலும் வெளிவந்தன. இரண்டிலும் அறிஞர் வசீகரனாகவும் அவர் படைத்த சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும் ரஜினிகாந்த் நடித்தார். மூவரும் அவருடைய சுவைஞர்களே. ஆகவே, நடிகரைப் பற்றிய பூசல் அங்கு எழவில்லை. கதையைப் பற்றியே எழுந்தது. மின்நிலையத்துப் பணியாளர் ஒருவர், அகவை ஐம்பதிற்கு மேற்பட்டவர், முன்னது கதை, பின்னது வெறுங்காட்சி என்றார். கூடலூரில் செல்பேசி பழுதுநீக்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் அதனை ஒப்பவில்லை. “அண்ணே, முதல் படத்துல வில்லனுக்கு என்ன நியாயம் இருந்துச்சு? ரெண்டாவதுலதான் அந்த ஆளு பக்கமும் ஒரு நியாயம் இருக்கு” என்பது அவர் வாதம். மூன்றாமவர் கல்லூரி மாணவர். அவருக்கு இரண்டு படங்களிலும் பிடித்தவன் ஒருவனே. அவன் செந்நிறச் சில்லு பொருத்தப்பெற்றுக் கொடியவனாக மாறிய சிட்டி.

இவ்வாறு முதற்படைப்பையும் அதன் தொடர்ச்சியையும் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கம்பர் பாடாது விட்ட உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது மரபு. அதனைக் கம்பரின் காப்பியத்தோடு ஒருங்கு வைத்து ஓதலாமோ ஆகாதோ என்னும் ஐயம் இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை. இலக்கண நூலாரோ முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலுக்கு ஒரு வரம்பும் வகுத்தனர். முதனூலின் முடிபோடு ஒத்துச் செல்லுதல் வேண்டும். பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் கூறலாம். ஆயினும் மரபு சிதைதல் கூடாது என்பது நன்னூலார் கருத்து. இவ்விதி இலக்கண நூல்களை நோக்கி எழுந்ததேயன்றிக் கதைகளை நோக்கி எழுந்ததன்று என மறுப்பார் மறுக்கலாம். எனினும், முடிபு என்னும் அச்சொல் நமக்கு வேண்டுவதாகும். ஒரு கதை முடிந்த இடத்தில் அது விட்டுச்செல்லும் கடன் யாது? தொடர்ந்து வரும் கதை அக்கடனைத் தீர்க்கின்றதா? இவ்விரு வினாக்களையும் கேட்டால் தேநீர்க்கடை வழக்கிற்கு வழி பிறக்கும்.

‘எந்திரன்’ விட்டுச்சென்ற கடனை முதற்கண் காண்போம். சிட்டி கற்றவற்றையெல்லாம் மறவாதவன், ஆயினும் உணர்ச்சியற்றவன். தீப்பற்றிய கட்டடத்திலிருந்து பலரைக் காக்கும் அவன், குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை அந்நிலையிலேயே கூட்டத்தின் நடுவே கொணர்ந்து நிறுத்துகின்றான். நாணம் தாங்காத அப்பெண் ஓடி, ஊர்தியில் அடிபட்டு இறக்கின்றாள். உயிரைக் காத்தல் ஒன்று, மானத்தைக் காத்தல் பிறிதொன்று என்பதை எந்திரம் அறியாமை இங்குப் புலனாகின்றது. இப்படத்தின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்பின் யான் இதனையே காட்டுவேன். பெருந்திரளான எந்திரங்கள் பாம்பாகவும் உருண்டையாகவும் உருமாறும் இறுதிப் போரைக் காட்டேன். அப்போருக்கும் பிற அமைப்புகளுக்குமாகச் சிறப்புக் காட்சிகள், கலை அமைப்பு ஆகிய துறைகளில் தேசிய விருதுகள் கிடைத்தன என்பது மெய்யே. ஆயினும், குறைந்த பொருட்செலவில் எடுத்த அச்சிறு காட்சியிலேயே கதையின் உயிர் நிற்கின்றது.

அதன்பின் வசீகரன் அவனுக்கு உணர்ச்சிகளை ஊட்டுகின்றார். வெகுளி வருகின்றது, காதலும் வருகின்றது. தன்னைப் படைத்தவன் விரும்பும் பெண்ணையே சிட்டியும் விரும்புகின்றான். வெட்டுண்டு குப்பைமேட்டில் எறியப்படுகின்றான். போரா என்னும் அறிஞனின் செந்நிறச் சில்லால் கொடியவனாகின்றான். இறுதியில் வழக்குமன்றம் அவனைப் பிரித்துவிடுமாறு தீர்ப்பளிக்க, தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கின்றான். கதை பின்னர் 2030ஆம் ஆண்டிற்குத் தாவுகின்றது. காட்சிக்கூடத்தில் கிடக்கும் அவனை நோக்கி, ஏன் உன்னைப் பிரித்தார்கள் என்று ஒரு சிறுமி வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கின்றான். எண்ணத் தெரிந்தவுடன் உயிர்கள் ஆறறிவின என்று மதிக்கப்பெறுவது தொல்காப்பிய நெறி. எண்ணத் தெரிந்தவுடனே அழிக்கப்பெற்ற ஒருவன் இங்கே நம் முன் கிடக்கின்றான். குற்றம் அவனுடையதா, சில்லைப் பொருத்தியவனுடையதா, உணர்ச்சியை ஊட்டி அதற்கு அறத்தை ஊட்டாது விட்டவனுடையதா? இவ்வினாவை விடையின்றி விட்டு ‘எந்திரன்’ முடிகின்றது. இதுவே அதன் கடன்.

இக்கடனைத் தொடர்ச்சி எவ்வாறு தீர்க்கின்றது என்று காணுமுன், யான் ஏறவிருந்த மலையின் மீதுள்ள தெய்வத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சிலப்பதிகாரம் கண்ணகியின் வெகுளியால் மதுரை எரிந்ததைக் கூறி, அவள் தெய்வமாகி வாழ்த்துப் பெறுவதோடு நிறைவுறுகின்றது. பாண்டியன் தீங்கற்றவன் என்று அவளே மொழிந்து சினம் ஆறுகின்றாள். ஆயினும், எரிந்த நகருக்கு யார் பொறுப்பு என்பதை அவள்பால் வைத்து இளங்கோவடிகள் கேட்டிலர். அவ்வினாவைக் கேட்டவர் சாத்தனார். மணிமேகலையின் இருபத்தாறாம் காதையில் வஞ்சி நகர் புகும் மணிமேகலை, தன் தாயாகிய கண்ணகியின் படிமத்தின் முன் நின்று, கணவனோடு உயிர் விடாமல் இவ்வாறு செய்தது ஏன் என்று கேட்கின்றாள். கண்ணகி தன் செயலை மறைத்திலள். பழவினையை எடுத்துக்காட்டிய பின்னரும் தன் சினம் தணியாது நகரை எரித்ததையும், முன்செய்த நல்வினையால் வானுலகு எய்தினும் அத்தீவினைப் பயன் தம்மை விடாது தொடரும் என்பதையும் கூறுகின்றாள். முதற்காப்பியத்தின் தலைவியைத் தெய்வப் பீடத்தில் இருத்தி வைத்தபடியே விடை சொல்ல வைத்தவர் சாத்தனார். சமயக் கொள்கையை நிலைநாட்டவே அவர் இதனைச் செய்தார் என்பர், செய்திருக்கட்டும். கடனைத் தீர்த்தார் என்பதே நமக்கு வேண்டுவது. மணிமேகலையைச் சிலம்பின் நிழலாகவே பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்து வந்தேன். இக்காதையை இரண்டு வரிகளில் கடந்தும் சென்றிருக்கின்றேன். அது பிழை என்பதை ஒரு தேநீர்க்கடை வழக்கு எனக்கு உணர்த்தியதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

மேனாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982ஆம் ஆண்டில் வந்தது. செயற்கை மனிதரை வேட்டையாடுபவனும் ஒரு செயற்கை மனிதன்தானோ என்னும் ஐயத்தை அது எழுப்பிற்று. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2017இல், டெனி வில்நெவ் எடுத்த தொடர்ச்சி அந்த ஐயத்தைத் தீர்த்துவிடாமல், செய்யப்பட்ட உயிர்க்குப் பிறப்பும் நினைவும் உண்டோ என்று அதனை மேலும் ஆழமாக்கிற்று. தீர்த்தல் ஒருவகை, ஆழப்படுத்தல் மற்றொருவகை. இரண்டும் கடனை மதிப்பனவே. நம் மொழியிலேயே சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் படைத்த ஜீனோ என்னும் எந்திர நாயை ‘மீண்டும் ஜீனோ’வில் தொடர்ந்தார். ‘எந்திரன்’ உரையாடலில் பங்கு கொண்ட அவர் 2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். படம் வெளிவந்தபோது அவர் இலர். பின்னைய படத்தின் எழுத்தில் ஜெயமோகன் பங்கு கொண்டார். எழுதியவர் மாறியதால் நெறி மாறிற்று என்று எளிதில் கூறிவிடலாம். திரைப்படம் ஒருவர் கைவினை அன்றாதலின் அதனை யான் வற்புறுத்தேன்.

‘2.0’இன் கதைக்கு வருவோம். செல்பேசிகள் மக்கள் கையினின்றும் பறந்து மறைகின்றன. அவை ஒரு பெரும் பறவையாகத் திரண்டு கொல்கின்றன. இதனை எதிர்க்க, பிரிக்கப்பட்ட சிட்டியை வசீகரன் அரசின் இசைவோடு மீட்டெடுக்கின்றார். சிந்தித்ததற்காக அழிக்கப்பட்டவனை மீட்கும்போது, அவன் இப்போதும் சிந்திப்பானோ என்று ஒருவராவது தயங்குதல் வேண்டும் அன்றோ? அத்தயக்கம் தடையாக எழுந்து, தேவை வந்தவுடன் மறைந்துவிடுகின்றது. சிட்டியும் தன் சாவைப் பற்றி ஒன்றும் கேட்டிலன். படைக்கலம் உறையிலிருந்து எடுக்கப்படுவது போல எடுக்கப்படுகின்றான். மின்நிலையத்துப் பெரியவர் வெறுங்காட்சி என்றது இவ்விடத்திற்குப் பொருந்தும். வழிப்படம் முதற்படத்தின் உருவத்தைப் பெற்றுக்கொண்டு அதன் வினாவைக் கைவிட்டது.

ஆயினும், இளைஞர் கூறியதைத் தள்ளிவிடவும் இயலாது. பட்சிராஜன் என்னும் முதிய பறவையறிஞராக அக்சய் குமார் தோன்றும் நடுப்பகுதி வேறொரு தரத்தது. பறவைகளுக்காக முறையிட்டு, எவ்விடத்தும் செவிசாய்ப்பாரின்றி, செல்பேசிக் கோபுரத்திலேயே தூக்கிட்டு மாய்கின்றார் அவர். 1933ஆம் ஆண்டில் இம்மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆய்ந்த சலீம் அலியின் சாயல் அத்தோற்றத்தில் உண்டு. அலைவீச்சால் பறவைகள் மடிகின்றன என்னும் கருத்து அறிவியலில் நிறுவப்பட்டதன்று. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்தாலும் நாடளவில் அதன் தொகை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று கண்டது. செல்பேசி நிறுவனங்களின் சங்கமும் படம் வெளிவரும் முன்னரே தணிக்கையாளரிடம் முறையிட்டது. எனினும், கற்பனைக்கு அறிவியற் சான்று கேட்பது திறனாய்வின் வேலையன்று. அம்முதியவரின் துயரை நாம் நம்புகின்றோமா என்பதே கேள்வி. நம்புகின்றோம். செல்பேசி வாணிகம் செய்யும் இளைஞரே நம்பினார் என்றால் வேறு சான்று வேண்டா. தம் கடைச் சரக்கெல்லாம் பறந்து போவதைக் கைதட்டிப் பார்த்ததாகச் சிரித்தபடியே கூறினார்.

இவ்வளவு உயர்த்திய பட்சிராஜனைப் படம் எவ்வாறு வீழ்த்துகின்றது என்பதே யான் பொறுக்கமாட்டாத பகுதி. நல்ல சிட்டி தோற்கின்றான். ஆதலின் நிலா என்னும் பெண் எந்திரம் அவனுக்கு மீண்டும் செந்நிறச் சில்லைப் பொருத்துகின்றாள். முதற்படத்தில் எது பேரழிவாகக் காட்டப்பெற்றதோ அதுவே பின்னதில் மருந்தாகின்றது. படத்தின் பெயரே அக்கொடியவன் தனக்கு இட்டுக்கொண்ட பெயர் என்பதை நோக்குக. அரங்கில் மிகுந்த ஆரவாரம் எழுந்ததும் அவன் வரவின்போதே என்று கல்லூரி மாணவர் கூறினார். அவர் சுவையை யான் குறை கூறேன். படமே அவரை அவ்வாறு பயிற்றுகின்றது. அதுவும் போதாமல், மிகச் சிறிய எந்திரங்கள் புறாக்களின் மேலேறி வந்து, அப்பறவைகளை அழித்துவிடுவோம் என்று அச்சுறுத்துகின்றன. புறாக்களுக்கு இரங்கிப் பட்சிராஜன் தளர்கின்றார், தளர்ந்தவுடன் அழிக்கப்படுகின்றார். அவரை வென்றது வலிமையன்று, அவருடைய அருள். ஒருவன் அருளையே அவனைக் கொல்லும் கருவியாக்கியோர் வெற்றி பெற்றதாகக் காட்டப்படுகின்றனர். இதற்கு வருந்துவார் ஒருவரும் கதையில் இலர். பறவைகளைக் காத்தல் வேண்டும் என்று வசீகரன் பின்னர் அமைச்சரிடம் எடுத்துரைப்பது, கொன்றவன் வீட்டில் படைத்த சோறு போன்றது. உணர்ச்சிக்கு அறம் வேண்டும் என்று கேட்ட முதற்படத்திற்கு, அறமில்லாத சூழ்ச்சியே வெல்லும் என்பது எவ்வாறு வழிப்படமாகும்?

பெரியவரிடம் இதனைக் கூறியபோது அவர் தலையசைத்தார். புறாக் காட்சி தமக்கு நினைவிலேயே இல்லை என்றார். தம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கம்பத்துத் திரையரங்கில் பார்த்ததாகவும், பேரன் அவ்விடத்தில் அழுததாகவும், ஒலி மிகுதியால் அஞ்சினான் போலும் என்று தாம் எண்ணியதாகவும் பின்னர்ச் சொன்னார்.

ஊர்தி வரும் நேரத்தில் கல்லூரி மாணவர் ஒரு தடையை எழுப்பினார். 2018இல் மீட்கப்பெற்று, நாட்டைக் காத்து, மதிப்பும் பெற்றுவிட்ட சிட்டி, முதற்படத்தில் காட்டியவாறு 2030ஆம் ஆண்டில் காட்சிக்கூடத்தில் உறுப்புறுப்பாகக் கிடப்பது எங்ஙனம்? படம் எடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்றார் பெரியவர். செல்பேசிக் கடை இளைஞர் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்து கொண்டே சொன்னார்: “மறக்கல அண்ணே. நடுவுல மறுபடியும் சிந்திக்க ஆரம்பிச்சிருப்பான்.”