பழம் பொற்காசுகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

தென்னிந்தியப் பொற்காசுகளைச் சேர்ப்பவர்களின் தட்டில் பெரும்பாலும் மூன்று அளவுகள் இருக்கும்: சுமார் 3.4 கிராம் எடையுள்ள வராகன், அதில் சரிபாதியான அரை வராகன், அரை கிராமைக்கூட எட்டாத பணம். கூடவே வெனிஸ் நகரத்து டக்கட் ஒன்றிரண்டு, வடக்கிலிருந்து வந்த மொகர் ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நட்சத்திர வராகன் சில என்று வந்து சேர்ந்திருக்கும். சேர்த்தவருக்கு வயதாகும்போதோ, பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை என்று தெரியும்போதோ, நூற்றைம்பது காசு எதற்கு, இருபது போதாதா என்ற கேள்வி எழுகிறது. அதை வெறும் விற்பனைக் கணக்காகப் பார்ப்பவர்கள் நல்ல காசைத்தான் முதலில் இழக்கிறார்கள். வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அதையே. சேகரிப்பைக் குறைப்பதில் பெரும்பகுதி, காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலை. வாங்கிய அன்றே உறையோடு பெட்டிக்குள் போன காசை ஒழுங்காகப் பார்க்க அப்போதுதான் நேரம் வாய்க்கிறது.

பார்ப்பதற்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் மின்தராசு, ஒரு மேசை விளக்கு, அடர்நிறத் துணி. விளக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால்தான் மேடுபள்ளத்தில் நிழல் விழுந்து உருவம் எழும்பி நிற்கும். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தங்கம் மென்மையான உலோகம் என்பதால், கை தவறினாலும் துணியில் விழும்படி மேசைக்கு மேலேயே பிடித்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டத்தில் எதையும் கழுவக் கூடாது. புளியோ சோப்புத்தூளோ பட்டறை அமிலமோ, எதுவானாலும் காசின்மேல் பல காலமாகப் படிந்த செம்மையையும் மண்ணின் சுவட்டையும் எடுத்துவிடும். பளபளவென்று மின்னும் பழங்காசைக் கண்டால் விவரம் தெரிந்தவர் மகிழ்வதில்லை, விலையைக் குறைக்கிறார்.

வராகனும் பணமும் கையால் அடித்தவை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் நிறுத்து வைத்த தங்கத் துண்டு, மேலிருந்து ஒரு சம்மட்டி அடி. அச்சில் வெட்டிய படம் பெரும்பாலும் தங்கத் துண்டைவிட அகலமாக இருந்ததால், எந்தக் காசிலும் முழுப் படமும் விழுவது அபூர்வம். ஒன்றில் தெய்வத்தின் மகுடம் கிடைக்கும், பாதம் வெளியே போயிருக்கும். இன்னொன்றில் எழுத்தின் மூன்றாம் வரியே இருக்காது. ஒரே அச்சில் பிறந்த நான்கு காசுகள் கிடைத்தால் அவற்றைச் சேர்த்துவைத்துத்தான் அச்சின் முழு வடிவத்தை ஊகிக்க முடியும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன் நான்கையும் விற்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

தேய்ந்த காசையும், அடி சரியாக விழாத காசையும் பிரித்தறிவது அடுத்த பாடம். இரண்டிலுமே மூக்கும் முழங்காலும் மட்டமாகத் தெரியும். தேய்ந்ததில் அந்த இடங்கள் வழவழப்பாகிச் சுற்றிலும் உள்ள பரப்போடு கரைந்திருக்கும், எடையும் சற்றுக் குறைந்திருக்கும். அடி விழாததில் தங்கத்தின் முதல் சொரசொரப்பும் மினுமினுப்பும் மிச்சமிருக்கும், பக்கத்து எழுத்து கத்தரித்ததுபோல் கூராக நிற்கும். முன்னது சந்தையில் நெடுநாள் உழைத்த காசு. பின்னது அதிகம் கைமாறாதது. லென்ஸ் இல்லாமல் பார்த்து, மங்கல் என்று இரண்டாவதை ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ள கிருஷ்ணதேவராயரின் (1509–1529) பாலகிருஷ்ணர் வகையைவிட வசதியானது வேறில்லை. விஜயநகரத் தங்கத்தில் பரவலாகக் கிடைக்கும் வகை என்பதால் ஒரே தட்டில் ஐந்தாறு இருப்பதும் சகஜம். முன்பக்கத்தில் உட்கார்ந்த நிலையில் குழந்தை, கையில் வெண்ணெய், இருபுறமும் சங்கும் சக்கரமும். பின்பக்கத்தில் மூன்று வரி நாகரி எழுத்தில் மன்னர் பெயர். கஜபதிகளிடமிருந்து உதயகிரியைப் பிடித்த ராயர் அங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலையை ஹம்பிக்குக் கொண்டுவந்து கோயில் எழுப்பினார். காசில் இருப்பது அந்தக் குழந்தை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆறையும் ஒன்றாகப் பரப்பிவைத்தால் எதுவும் தெளிவாகாது. இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். ஒன்றில் சங்கு முழுதாக விழுந்து சக்கரம் விளிம்பில் பாதியாக நின்றிருக்கும், மற்றதில் இரண்டும் இருந்தாலும் குழந்தையின் முகம் தட்டையாக இருக்கும். ஒன்றில் செதுக்கியவர் வயிற்றைப் புடைப்பாக உருட்டியிருப்பார், இன்னொன்றில் உடல் வெறும் உருண்டைகளின் கோவையாகவே நின்றுவிட்டிருக்கும். ஜெயித்ததை வைத்துக்கொண்டு அடுத்ததோடு ஒப்பிட வேண்டும். முடிவில் இரண்டு மிஞ்சும்: ஒன்று குழந்தைக்காக, ஒன்று எழுத்துக்காக. மற்ற நான்கும் போகலாம்.

வகைக்கு ஒன்று என்று குறைத்தபின் எந்த வகைகளை வைப்பது என்ற கேள்வி வரும். இங்கே பலரும் விலையைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒரு தொடர்ச்சி தெரியும் காசுகளை வைத்துக்கொள்வதே மேல். அதற்குச் சரியான எடுத்துக்காட்டு உமாமகேசுவரர் வரிசை. இரண்டாம் ஹரிஹரர் (1377–1404) காலத்திலேயே சிவனும் பார்வதியும் அருகருகே அமர்ந்த உருவம் விஜயநகரக் காசில் வந்துவிடுகிறது. தேவராயர்களும் அதைத் தொடர்ந்தார்கள், பதினாறாம் நூற்றாண்டில் சதாசிவராயரும் வெளியிட்டார். பேரரசு சரிந்தபின் கேளடி நாயக்கர்கள் தங்கள் இக்கேரி வராகனுக்கு அதே உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். 1763-ல் ஹைதர் அலி அவர்களுடைய பெத்னூரைப் பிடித்தார். காசை மாற்றினால் சந்தை கலங்கும் என்பதால், முன்பக்கத்துச் சிவ பார்வதியை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கத்துப் புள்ளிகளின் நடுவே தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பாரசீக வடிவில் பொறித்தார். திப்பு அந்த உருவத்தை விலக்கி இருபக்கமும் பாரசீக எழுத்தாக்கினார். 1799-ல் திப்பு வீழ்ந்தபின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பெயரில் வந்த காசில் சிவனும் பார்வதியும் திரும்பி வந்தார்கள். ஹரிஹரர், சதாசிவராயர், இக்கேரி, ஹைதர், திப்பு, உடையார் என்று ஆறு காசுகளை ஒரே வரிசையில் வைத்தால் நானூறு ஆண்டு அரசியல் அந்தத் தட்டிலேயே கிடைக்கிறது. இந்த ஆறும் எட்டாத விலையில் இருப்பவை அல்ல. தனியாக ஓர் அரிய காசு ஏலத்தில் இதைவிடக் கூடுதலாகப் போகலாம், ஆனால் பக்கத்தில் பேச்சுத்துணை இல்லாமல் கிடக்கும்.

அச்சுதராயரின் கண்டபேருண்டம், திருமலராயரின் ராமர் சீதை, திருப்பதிப் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கும் வேங்கடபதிராயர் காசு என்று வேறு வரிசைகளும் கோக்கலாம். அலகுகளிலும் கால்களிலும் யானைகளைப் பற்றியிருக்கும் இருதலைப் பறவையை 1.7 கிராம் தங்கத்தில் செதுக்கிய கைத்திறனுக்காகவே அந்தக் கண்டபேருண்டத்தை யாரும் கடைசிவரை விடமாட்டார்கள். சென்னையில் கம்பெனி வெளியிட்ட காசுகளில் பெருமாளும் பின்பக்க நட்சத்திரமும் உள்ள ஒரு வராகனும், கோபுரத்தைச் சுற்றி நட்சத்திரங்கள் பதித்து இயந்திரத்தில் அடித்த 1808-க்குப் பிந்தைய இரட்டை வராகன் ஒன்றும் போதும். பின்னதில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கும் இடம்பெறும். 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்றிருந்த கணக்கு, 1818-ல் வெள்ளி ரூபாய் வந்து ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வகுத்ததும் முடிந்தது. பணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீரராயன் பணம் பிடிப்பிடியாகக் கிடைப்பது. அச்சு தெளிந்த மூன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒரே தொகுதியாகக் கொடுத்துவிடலாம்.

காயம் பட்ட காசுகளை ஒட்டுமொத்தமாகக் கழிப்பதும் சரியல்ல, காயத்தைப் படிக்க வேண்டும். காசுமாலைக்காகக் கண்ணி பற்றவைத்துப் பின்னர் அறுத்த தழும்பு மதிப்பைக் குறைக்கும். விளிம்பில் நிறம் மாறிய திட்டு அதைக் காட்டிக்கொடுக்கும். சராப்புகள் மாற்று பார்க்க இட்ட சிறு முத்திரையும் கீறலும் அந்தக் காசு சந்தையில் புழங்கியதற்குச் சாட்சி. 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. அவை மீண்டும் நாணயமாகப் புழங்காமல் இருக்கவே அப்படிச் செய்தார்கள் என்பது ஒரு விளக்கம். அந்த வெட்டு இல்லாவிட்டால் அது ரோமின் காசு மட்டுமே. வெனிஸ் டக்கட்டிலும் இதேபோல ஒரு திருப்பம் உண்டு. உள்ளூர்த் தட்டார்கள் அடித்த போலி டக்கட்டில் லத்தீன் எழுத்துகள் கோடும் புள்ளியுமாகக் குலைந்திருக்கும், மண்டியிட்ட வெனிஸ் ஆட்சித்தலைவர் கிட்டத்தட்ட நம்மூர் ஆள் ஆகியிருப்பார். அசல் ஒன்று, குலைந்தது ஒன்று என்று ஜோடியாக வைப்பது நல்ல தேர்வு.

இக்காலப் போலிகள் வேறு ரகம். கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் வந்தாலும் வெளி வடிவமும் மையம் விலகிய அளவும் ஒத்துப்போகாது. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி, ஒரே கீறலோடு இருந்தால் இரண்டுமே வார்ப்பு. விளிம்பில் மெல்லிய தையல்போல் ஓடும் கோடும், பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் அதை உறுதிப்படுத்தும். சேகரிப்பைக் குறைக்க ஒப்பிடத் தொடங்கியபோதுதான் தட்டில் போலி இருப்பது பலருக்குத் தெரியவருகிறது. அதை நல்ல காசுகளோடு கலந்து விற்பது மோசடி. தனி உறையில் போலி என்று எழுதிவைத்தால், பழகும் கண்ணுக்கு அது பாடமாகும்.

விலக்குவதில் உலகறிந்த இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் லூயி எலியாஸ்பெர்க் 1942-ல் கிளாப் குடும்பத்தின் சேகரிப்பை 1,00,000 டாலருக்கு மொத்தமாக வாங்கினார். தன்னிடம் இருந்தவற்றோடு ஒப்பிட்டுத் தரம் குறைந்த இரட்டைகளை 1947-ல் வேறு பெயரில் ஏலம் விட்டார். 1950-ல் அவர் சேகரிப்பு முழுமை பெற்றது. எகிப்து மன்னர் பாரூக் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார், ஒப்பிட்டுக் கழிக்கவில்லை. அவர் பதவி இழந்தபின் 1954-ல் கெய்ரோ அரண்மனையில் நடந்த ஏலத்தில் அவருடைய தங்கக் காசுகள் பெருந்தொகுதிகளாகப் போயின, அரிய காசுகள் சாதாரணக் காசுகளோடு சேர்ந்தே கைமாறின. தானே பிரித்துவைக்காதவருக்காக ஏலக்காரர் பிரித்தால் அப்படித்தான் பிரிப்பார்.

வெளியே அனுப்பும்போது காசோடு அதன் தாளும் போக வேண்டும்: பழைய ரசீது, உறைமேல் எழுதிய குறிப்பு, யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற விவரம். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020-ல் லண்டனில் சுமார் 32 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. சொல்லப்பட்ட வரலாறு பொய் என்று தெரிந்ததும் 2023-ல் அது கிரேக்கத்துக்குத் திருப்பித் தரப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொல்பொருள் வணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் உண்டு. வாங்கிய ரசீது இல்லாதவர் அங்கேதான் திணறுவார்.

விற்க நகைக்கடைக்குப் போவது கடைசிக்கும் கடைசி வழி. அங்கே கண்டபேருண்டமும் 1.7 கிராம் தங்கம்தான், உருக்கினால் அதுவும் போய்விடும். நல்ல காசுக்கு இந்திய நாணய ஏலம் பொருத்தம். கழிவு எவ்வளவு, குறைந்தபட்ச விலை யார் நிர்ணயிப்பது என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நடுத்தரக் காசுகளுக்கு மற்ற சேகரிப்பாளர்களிடம் மாற்றிக்கொள்வது நல்லது: மூன்று பாலகிருஷ்ணர் கொடுத்து, வரிசையில் குறையும் ஓர் இக்கேரியை வாங்கலாம். ஆய்வுக்குப் பயன்படும் காசை அருங்காட்சியகத்துக்குத் தர நினைப்பவர் முதலில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு போன்ற ஒன்றைப் பார்த்துவிட்டு, அங்கே இல்லாததைக் கொடுப்பது பயனுள்ளது.

போகும் ஒவ்வொரு காசையும் அதே பக்கவாட்டு விளக்கில் இருபுறமும் படமெடுத்து, எடையையும் எந்தக் காசோடு ஒப்பிட்டு விலக்கப்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். தங்கும் காசுகளுக்குக் குழிவெட்டி வெல்வெட் ஒட்டிய மரத்தட்டு ஏற்றது. ஒட்டிக்கொள்ளும் மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பிசுக்கு விடும். செம்பு கலந்த பிற்கால வராகன்களில் அந்தப் பிசுக்கு கறையாகும் என்பதால், அமிலமில்லாத காகித உறையே போதும்.