அந்தப் பையனை யாராச்சும் கேட்டாங்களா?

எங்க ஊர்க் கோயிலில் ஒரு ஞாயிறு. பிலேமோனுக்குப் பவுல் எழுதின நிருபத்தை வைத்துப் பிரசங்கம். எசமானைப் பிரிந்த அடிமை ஒநேசிமு, சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்கிறான், விசுவாசியாகிறான். பவுல் ஒரு கடிதம் எழுதி அவனை எசமானிடமே திருப்பி அனுப்புகிறார். கீழ்ப்படிதலின் மேன்மையைப் பற்றி உபதேசியார் உருகி உருகிப் பேசினார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எங்க அப்பாயி அவரைக் கேட்டாள்: "ஏன் அய்யா, திரும்பிப் போறியான்னு அந்தப் பையனை யாராச்சும் கேட்டாங்களா?" ஆயுசு முழுக்கப் பண்ணையில் நாற்று நட்டவள் அவள். உபதேசியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த நிருபத்தைத் திரும்ப வாசிக்கிறேன்.

மொத்தம் 25 வசனம். பவுலின் நிருபங்களில் ஆகச் சிறியது. எழுதுகிறவர் பேசுகிறார், வாங்குகிறவர் பெருமைப்படுத்தப்படுகிறார். யாருடைய உடம்பைப் பற்றிய கடிதமோ, அவன் வாயில் ஒரு வார்த்தை கிடையாது. ஓடிப்போனான் என்றுகூடப் பிரதியில் நேரடியாக இல்லை. அது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னது. ஒநேசிமு என்றால் பயனுள்ளவன் என்று பொருள். அடிமைகளுக்கு வைக்கிற பேர். பவுலும் அந்தப் பேரை வைத்தே விளையாடுகிறார்: முன்னே உனக்குப் பயனற்றவன், இப்போ உனக்கும் எனக்கும் பயன்படுகிறவன். சகோதரன் என்று அழைக்கிற கடிதத்திலும் யாருக்கு எவ்வளவு பிரயோசனம் என்ற கணக்கு விடவில்லை.

நியாயமாகவும் பேசுவோம். அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார் பவுல். அவன் பட்ட கடனை என் கணக்கில் எழுது என்று சொந்தக் கையால் உறுதி கொடுக்கிறார். வீட்டுச் சபை முழுவதையும் விளித்து எழுதி, பிலேமோன் தப்பிக்க முடியாதபடி செய்கிறார். ஓடிப்போன அடிமைக்குச் சவுக்கடியும் நெற்றியில் சூடும் காத்திருந்த ரோம சாம்ராஜ்யத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் விடுதலை செய் என்ற சொல் நேரடியாக எங்கேயும் இல்லை. கட்டளையிட எனக்கு உரிமை உண்டு, இருந்தாலும் அன்பின் பேரில் கேட்கிறேன் என்கிறார். உன் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறார். எல்லாம் எசமானின் நல்ல மனசில் முடிகிறது. நல்ல பண்ணையார் கதை நமக்குப் புதுசா என்ன?

இதே பவுலுக்கு இன்னொரு முகம் உண்டு. அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் யூதரல்லாதவர்களும் ஒன்றாகச் சாப்பிட்டு வந்தார்கள். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பேதுரு பயந்து பந்தியை விட்டு விலகிவிட்டார், பர்னபாவும் கூடவே போனார். யூதரான பவுல், யூதரான பேதுருவை எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கொரிந்துவிலும் இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டு வெறிக்க, இல்லாதவன் பட்டினி கிடந்தபோது, இது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று எழுதினார். பந்தி என்றால் அதட்டுகிறவர், உடைமை என்று வந்ததும் விண்ணப்பம் போடுகிறார். இந்த இடைவெளியை மூடி மறைக்கிற வாசிப்பு நமக்கு வேண்டாம்.

மொழிபெயர்ப்பும் மறைக்கிறது. கிரேக்கத்தில் டூலோஸ் என்றால் அடிமை. நம்ம பழைய தமிழ் வேதாகமத்தில், பவுல் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டால் ரோமர் நிருபத்தில் 'ஊழியக்காரன்'. எசமானுக்குக் கீழ்ப்படி என்று எபேசியர் நிருபம் சொல்லும்போது 'வேலைக்காரன்'. கிறிஸ்துவுக்குள் பேதமில்லை என்கிற கலாத்தியரில்தான் 'அடிமை'. எபேசியர் நிருபம் பவுல் எழுதியதல்ல என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால் எங்க தெருவில் அது பவுல் பேரில்தான் வாசிக்கப்படுகிறது. அடிமை வேலைக்காரன் ஆகிவிட்டால், கீழ்ப்படி என்பது வெறும் நல்லொழுக்கம் மாதிரிக் கேட்கிறது.

1833இல் இரண்டு வெளிநடப்புகள் நடந்தன. அமெரிக்காவில் ஜார்ஜியாவில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற வெள்ளைப் பாதிரியார், அடிமைகள் கூட்டத்தில் பிலேமோன் நிருபத்தைக் காட்டி ஓடிப்போவது பாவம் என்று பிரசங்கித்தார். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். வேதத்தில் இப்படி ஒரு நிருபமே கிடையாது என்று சிலர் சொன்னார்கள். இதை எழுதி வைத்தவர் அவரேதான். அதே வருஷம் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே அடியோடு விட வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். சென்னை வேப்பேரியில் அதைக் கேட்ட ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அங்கே அடிமைகள் தங்கள் மானத்துக்காக எழுந்து போனார்கள். இங்கே அடுத்தவன் தன்னோடு சரிசமமாக உட்காரக் கூடாது என்று போனார்கள். யாருடைய வெளிநடப்பு சுவிசேஷத்துக்கு நெருக்கம் என்பதை வாசகரே சொல்லட்டும்.

நம்ம எழுத்தாளர்களில் சிலர் பவுலை விடுதலை வீரர் ஆக்குகிறார்கள், சிலர் தூக்கி எறிகிறார்கள். இரண்டிலுமே ஒநேசிமு காணாமல் போகிறான். அந்தியோகியாவின் பவுலைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிப் பிலேமோனுக்கு எழுதின பவுலை விசாரிக்க வேண்டும் என்பதே என் கட்சி. போகிற வழியில் அந்தக் கடிதத்தை ஒநேசிமு பிரித்துப் பார்த்தானா, அவனுக்கு வாசிக்கத் தெரியுமா, எசமான் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றான்? அந்தப் பக்கத்தை நாம்தான் எழுதணும். அடுத்த முறை உங்க கோயிலில் இந்த நிருபத்தை வாசிக்கும்போது, அப்பாயி கேட்டதை எழுந்து நின்று கேளுங்கள்.