நோயின் நடுவே நன்றி: வலிமையும் வரம்பும்

இருபத்தைந்து வயதில் புற்றுநோய் வந்தவருக்குச் சிகிச்சையோடு சேர்ந்து ஓர் அறிவுரையும் வந்துவிடுகிறது. ஆலோசகர் நன்றிக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம், அதை நெனச்சு ஆறுதல்படு" என்கிறார் வீட்டுக்கு வரும் சித்தி. எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நன்றி பாராட்டும் பழக்கம் எதைத் தரும், எதைத் தராது, எப்போது கெடுக்கும் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி பரிந்துரைப்பது சரியல்ல. நோயாளி தானாகக் கண்டெடுக்கும் நன்றி அவரைத் தாங்கும். பிறர் கேட்டு வாங்கும் நன்றி அவர் தோளில் இன்னொரு பாரமாக ஏறும் என்பதே என் மதிப்பீடு.

முதலில் வலிமையைப் பார்ப்போம். நன்றிக் குறிப்பேட்டுக்கு ஆய்வுலகில் இடம் பிடித்துத் தந்தவர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற அமெரிக்க உளவியலாளர்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் மூன்று சோதனைகள் உண்டு. முதல் இரண்டும் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. மூன்றாவதில் பங்கேற்றவர்கள் நரம்பு, தசை நோய்களோடு வாழ்ந்தவர்கள். 21 நாள் தினமும் நன்றிக்குரியவற்றை எழுதியவர்களின் மனநிலை தெளிந்தது. எழுதாதவர்களைவிட நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். உடனிருந்தவர்களும் மாற்றத்தைக் கவனித்தார்கள். உடல்நலம் உள்ளவர்களுக்கு மட்டுமான பழக்கம் இதுவல்ல என்பதற்கு அது சான்று.

ஏன் பலன் தருகிறது? கடும் நோய் ஒருவரின் கவனம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த ஸ்கேன், வெள்ளணு எண்ணிக்கை, இரவில் ஏறும் காய்ச்சல் என்று மனம் அங்கேயே சுற்றும். நரம்பு கிடைக்காத கையில் பொறுமையாக ஊசி ஏற்றிய நர்ஸ், வாய்ப்புண் ஆறியபின் எரியாமல் இறங்கிய முதல் வாய் ரசம் சாதம், லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நண்பன் என்று இவற்றை எழுதி வைக்கும்போது, அந்த நாளில் நோயைத் தவிர வேறு சிலவும் நடந்தன என்று தெரிகிறது. உடலின் மேல் எந்த அதிகாரமும் இல்லாத காலத்தில், எதைக் கவனிப்பது என்ற முடிவாவது தன் கையில் இருக்கிறது. இது சிறிய விஷயமல்ல.

ஆனாலும் பலனின் அளவை மிகைப்படுத்தக் கூடாது. 2003 ஆய்வின் முதல் சோதனையிலேயே நன்றி எழுதியவர்களை அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களோடும் ஒப்பிட்டார்கள். தொல்லைகளையே எழுதுபவரோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. 27 ஆய்வுகளை, மொத்தம் 3,675 பேரின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு, மனச்சோர்விலும் பதற்றத்திலும் நன்றிப் பயிற்சியின் பலன் சிறியது என்றே முடித்தது. மனச்சோர்வு தீவிரமாக உள்ள இளைஞருக்குத் தேவை மனநல மருத்துவர். அந்த இடத்தை ஒரு குறிப்பேட்டால் நிரப்ப முடியாது.

இதைவிட ஆபத்தானது, நன்றியும் நம்பிக்கையும் ஆயுளைக் கூட்டும் என்ற பேச்சு. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்கள், குழுவாகக் கூடிப் பேசும் சிகிச்சையால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989-இல் டேவிட் ஸ்பீகல் குழு அறிவித்தது. பெரும் பரபரப்பு. 2001-இல் வந்த கனடா ஆய்வில் குழுச் சிகிச்சை மனத்துயரையும் வலியையும் குறைத்தது, ஆயுளைக் கூட்டவில்லை. 2007-இல் ஸ்பீகலின் சொந்த மறுசோதனையும் முந்தைய முடிவை உறுதிசெய்யவில்லை. அதே ஆண்டு ஜேம்ஸ் காயின் குழு, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை ஆராய்ந்து, மனநலத்துக்கும் உயிர்பிழைப்புக்கும் தொடர்பு இல்லை என்று கண்டது. வாழும் நாட்களின் தன்மையை மனம் மாற்றலாம். கட்டியை மாற்றுவது மருந்து. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "பாசிட்டிவா இருந்தா சரியாயிடும்" என்று கேட்டு வளர்ந்த இளைஞருக்கு நோய் திரும்பி வந்தால், தான் போதிய அளவு நல்லதை நினைக்கவில்லையோ என்ற குற்ற உணர்வும் கூடவே வருகிறது. அவர் செய்யாத குற்றத்துக்கு அது தண்டனை.

இளம் வயதினருக்கே உரிய இழப்புகள் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்குகின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகவே பார்க்கிறது. படிப்பு, முதல் வேலை, திருமணம், குழந்தை என்று வாழ்க்கை கட்டப்படும் வயது அது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் கருவளத்தைப் பாதிக்கக்கூடியவை. கீமோ தொடங்கும் முன் விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிக்க வழி இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய வாரத்தில்தான் "உயிர் பிழைச்சாலே போதும், இதெல்லாம் இப்ப எதுக்கு" என்று வீடு சொல்கிறது. நன்றி இங்கே ஒரு நியாயமான கேள்வியை வாயடைக்கிறது. அடக்கப்பட்ட அந்தக் கேள்வி பத்து ஆண்டு கழித்து ஈடுசெய்ய முடியாத இழப்பாக எழுந்து நிற்கும்.

நன்றி கடனாக மாறும் ஆபத்தும் நம் குடும்பங்களில் அதிகம். அப்பா நிலத்தை விற்றிருப்பார். அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கும். அக்காவின் திருமணம் தள்ளிப்போயிருக்கும். இப்போதுதான் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிய பிள்ளை மறுபடியும் எல்லாவற்றுக்கும் கைநீட்ட வேண்டியிருக்கிறது. "இவ்வளவு செய்யறோம், நீ சிரிச்ச முகமா இருந்தா போதும்" என்பதில் பாசம் இருக்கிறது. ஒரு கணக்கும் இருக்கிறது. உதவி செய்பவர் பதிலுக்கு எதிர்பார்க்க எதிர்பார்க்க, பெறுபவரிடம் கடன்பட்ட உணர்வு கூடி நன்றியுணர்வு குறைவதை 2006-இல் பிலிப் வாட்கின்ஸ் குழு காட்டியது. இன்னொரு சுற்று கீமோ வேண்டாம் என்று சொல்லவோ, வலி தாங்கவில்லை என்று முனகவோ கூடத் தயங்கும் நிலைக்கு ஓர் இளைஞரை அந்தக் கடன் தள்ளிவிடும்.

சமூகத்தின் அளவில் பார்த்தாலும் இதே குறை தெரிகிறது. 2000-இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட எழுத்தாளர் பார்பரா எரன்ரைக், நோயை ஒரு பரிசாகக் கொண்டாடும் கலாச்சாரத்தை 2001-இல் எழுதிய நீண்ட கட்டுரையிலும் பிறகு 2009-இல் வந்த நூலிலும் கடுமையாக விமர்சித்தார். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கச் சொல்வது, நோய்க்கான காரணங்களையும் சிகிச்சையின் குறைகளையும் கேட்கவிடாமல் செய்கிறது என்பது அவர் வாதம். அதன் நியாயத்துக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இருப்பதை எண்ணி ஆறுதல்பட்டு நின்றுவிடவில்லை. அந்தத் துயரத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்து, அலைந்து, நிதி திரட்டினார். அதன் பலனாக 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. ஆறாத துயரமும் ஓர் அறம்தான்.

அப்படியானால் நன்றியைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். எழுத்தாளர் சுலேக்கா ஜவாத்தின் வாழ்க்கை ஒரு வழியைக் காட்டுகிறது. 2011-இல், 22 வயதில், அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. தம்பியின் எலும்பு மஜ்ஜை அவரைக் காப்பாற்றியது. நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய தொடரிலும், 2021-இல் வந்த 'பிட்வீன் டூ கிங்டம்ஸ்' நூலிலும் பயமும் காதல் முறிவும் நன்றியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. சிகிச்சை முடிந்தபின் எப்படி வாழ்வது என்று தெரியாமல் தவித்த அவர், நோயின்போது தமக்குக் கடிதம் எழுதிய முகம் தெரியாத மனிதர்களைத் தேடிச் சுமார் 15,000 மைல் காரில் பயணம் செய்தார். அவர் நன்றி நோய்க்கானதல்ல. குறிப்பிட்ட மனிதர்களுக்கு, குறிப்பிட்ட செயலுக்கு உரியது. பின்னர் நோய் திரும்பியபோதும் அந்த நன்றி பொய்யாகிவிடவில்லை. குணமாவதற்கான விலையாக அதை அவர் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

இதிலிருந்து சில அளவுகோல்களை வகுக்கலாம். நன்றி தனி மனிதரையோ தனிச் செயலையோ சுட்டட்டும்; "எல்லாம் நன்மைக்கே" என்ற பொதுச் சமாதானம் வேண்டாம். எழுத முடியாத நாளில் எழுதாமல் இருக்க உரிமை இருக்கட்டும். அதே குறிப்பேட்டில் புகாருக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். வலி, பயம், பணக் கவலை, கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் அடுத்த முறை டாக்டர் முன்னால் போகட்டும். "எனக்குப் பரவாயில்லை, அவங்களுக்கு இன்னும் மோசம்" என்ற ஒப்பீட்டை நோயாளியே சொல்லிக்கொண்டால் அது அவருக்கு ஆறுதல். பக்கத்தில் இருப்பவர் சொன்னால் அது வாயை மூடச் சொல்வது.

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நன்றியைக் கேட்காதீர்கள், அது பிறக்கக் காரணமாக இருங்கள். மருந்துச் சீட்டோடு வரிசையில் நில்லுங்கள். கருவளம் பற்றி டாக்டரிடம் அவர் சார்பில் பேச்செடுங்கள். அழுதால் அழவிடுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். முகம் சுளித்தாலும் குறையாத அன்பு என்று தெரிந்த இடத்தில், நன்றி சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாமலே வரும். வராவிட்டாலும் அந்த இளைஞர் உங்களுக்கு எந்தக் கடனும் படவில்லை.