ஒரு படமும் இரு பாடங்களும்

பழஞ்சுவடிகளை ஆராய்வோர் பாடபேதம், இடைச்செருகல் என்னும் இரண்டினையும் நன்கறிவர். பெரும் பொருட்செலவில் ஆக்கப்படும் திரைப்படத்துக்கும் அவை நேர்தல் கூடும் என்பதற்கு 'ஜஸ்ரிஸ் லீக்' என்னும் அமெரிக்கப் படம் சான்றாகும். பற்மான், சுப்பர்மான் முதலாய சித்திரக்கதை வீரர் ஒருங்குகூடிப் பொருதும் இப்படத்தினை 2016ஆம் ஆண்டிற் படம்பிடித்தவர் சக் சினைடர் என்னும் நெறியாளர். 2017இல் மகளை இழந்த துயரால் அவர் பணியினின்றும் விலகினார். எஞ்சிய பணியை ஏற்ற ஜொஸ் வீடன் பல காட்சிகளைப் புதிதாக எழுதிப் படம்பிடித்தார். இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குமாறு வெட்டப்பட்ட படம் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்த ஹென்றி கவிலின் மேலுதட்டினைக் கணினியால் மழித்தமை பலர் நகைக்க இடமாயிற்று. சுப்பர்மானை வெல்ல ஒரு மீசையே போதியதாயிற்று போலும்!

மூலப் பாடத்தை வெளியிடுக என்று சுவைஞர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி இருமுகம் உடையது. தற்கொலைத் தடுப்புப் பணிக்கு அவர்கள் பெருநிதி திரட்டியமை போற்றற்பாலது. மாற்றுக்கருத்துடையோரை அவருட் சிலர் வசைபாடியமை அத்தகையதன்று. அக்குரல்களுட் குறைந்தது நூற்றுக்குப் பதின்மூன்று போலிக் கணக்குகளினின்றும் எழுந்தவை என்னும் ஆய்வறிக்கை ஒன்றினை 2022இல் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை வெளிப்படுத்திற்று. எவ்வாறாயினும், 2021 மார்ச் 18ஆந் திகதி 242 நிமிட நீளமுடைய சினைடர் பாடம் வெளிவந்தது.

இரு பாடங்களையும் ஒப்புநோக்குவார்க்கு வேறுபாடு புலப்படும் இடம் சைபோர்க் என்னும் பாத்திரமேயாகும். விபத்திற் சிதைந்த மகனை இயந்திர உடலால் உயிர்ப்பித்த தந்தை, அதன்பொருட்டே அவன் வெறுப்புக்கு ஆளாகின்றான். முதற் பாடத்தில் இவ்வுறவு சில வசனங்களோடு ஒழிகின்றது. தந்தையும் இறவாது பிழைக்கின்றான். பிந்திய பாடத்திலோ, பகைவர் கவரும் பேழையின் வழியை மகன் அறியும்பொருட்டு, அவன் கண்முன்னரே தந்தை வெந்து மடிகின்றான். பின்வரும் மகனது செயல் யாவும் இம்மரணத்தினின்றும் பிறக்கின்றன. ஆகவே வெட்டப்பட்டது வெறும் நீளமன்று. கதையின் உயிர்நிலை என்க. இப்பாத்திரத்தை நடித்த கறுப்பின நடிகர் றே பிஷர், படப்பிடிப்பில் வீடன் இழிவாக நடந்துகொண்டார் என 2020இற் குற்றஞ்சாட்டினார். வீடன் அதனை மறுத்தார்.

சினைடரின் சொந்தத் துயரே இத்தந்தை-மகன் காட்சிகளில் வெளிப்படுகின்றது என்பாருளர். அக்காட்சிகளோ அத்துயருக்கு முந்தியவை. காண்போர் தாம் அறிந்ததனை அவற்றின்மேல் ஏற்றிக் காண்கின்றனர்.

பிந்திய பாடமும் குற்றமற்றதன்று. மெதுவோட்டக் காட்சிகள் சலிப்புத் தருவன. கதை முற்றுப்பெற்ற பின்னரும் படம் முடிவதில்லை. 2020இற் புதிதாகப் பிடிக்கப்பட்ட ஜோக்கர் காட்சி, வராத தொடர்ச்சிக்கு இட்ட முன்னுரையாகத் தனித்து நிற்கின்றது. இடைச்செருகலைக் களைந்த கையே மற்றோர் இடைச்செருகலைச் செய்தது.